கொல்லையில் ஐந்து முக்கோணங்கள்

சின்ன காஞ்சிபுரம்
20-5-1934

அன்புள்ள அண்ணன் காசிநாதன் அவர்களுக்குத் தங்கை ஏலவார்குழலி வணங்கி எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் காந்தா அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதர் அருள் வேண்டும். ஜாம்ஷெட்பூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அண்ணி எழுதியிருந்தார். இங்கே மட்டும் பனியா பெய்கிறது?

ஒரு பெரிய சமாசாரம். உங்கள் மாப்பிள்ளை எங்கள் கொல்லையில் இரும்பிலேயே ஒரு கொட்டகை போடப்போகிறார். ஓலைக் கொட்டகை இல்லை, மரத்தூண் கொட்டகையும் இல்லை. ஒரு மோட்டார் பஸ் முழுசாக உள்ளே வந்து நிற்க வேண்டும். நடுவில் ஒரு தூண்கூட இடிக்கக் கூடாது. பஸ்ஸின் இஞ்சினைச் சங்கிலி போட்டு மேலே தூக்கினால் கூரை தாங்க வேண்டும். வாலாஜாபாத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இப்போது பஸ் ஓடுகிறது. வழியில் ஒன்று படுத்துவிட்டால் பட்டணத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பட்டணத்து ஒர்க்ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் பிட்டராக இருந்தவர் உள்ளூரிலேயே இருக்கும்போது அவர்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?

நீங்கள் இரும்பாலையில் படம் போடுகிற ஆபீஸில் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். அகலம் இருபது அடி, நீளம் நாற்பது அடி. எந்தத் தூண் எங்கே, எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதிப் படம் போட்டு அனுப்புங்கள். ரிவெட் வேண்டாம், போல்ட் போட்டு முறுக்குகிற மாதிரி இருக்கட்டும். கான்ட்ராக்ட் எதுவும் கிடையாது, எல்லாம் நாமே செய்வது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தங்கை,
ஏலவார்குழலி

*

ஜாம்ஷெட்பூர்
4-6-1934

தங்கை குழலிக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

இங்கே அனைவரும் நலம். சின்னவனுக்கு மட்டும் வேர்க்குரு. உன் கடிதத்தை ஆபீஸில் நாலு பேரிடம் படித்துக் காட்டினேன். "எங்கள் ஊரில் பட்டு நெய்வார்கள், கோயில் கட்டுவார்கள், இப்போது ஸ்டீல் ஷெட்டும் போடுகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். மாப்பிள்ளையை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

படம் இத்துடன் இருக்கிறது. கூரையைத் தாங்குபவை ஐந்து முக்கோணச் சட்டங்கள். நாங்கள் டிரஸ் என்போம். ஒவ்வொன்றையும் தரையிலேயே ஆங்கிள் இரும்பால், அதாவது மூலை மடித்த நீளச் சட்டங்களால், பூட்டி முடித்துவிட்டு, பிறகு தூக்கி இரண்டு தூண்களின் தலையில் உட்கார வைக்க வேண்டும். தூணுக்குப் பழைய தண்டவாளத்தைப் போல உறுதி வேறு கிடையாது. செங்கல்பட்டில் கழித்த தண்டவாளத் துண்டுகளை ஏலம் விடுவார்கள், விசாரிக்கச் சொல். மாப்பிள்ளைக்கு நான் இதையெல்லாம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் நீ கேட்டபடி குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன்.

கார்த்திகையில் அவர் கையில் அடிபட்டது என்று எழுதினாய். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. நன்றாக ஆறிவிட்டதா? இரண்டு வரி அவரையே எழுதச் சொல்.

அன்புடன்,
காசிநாதன்

*

சின்ன காஞ்சிபுரம்
1-7-1934

அன்புள்ள அண்ணனுக்குக் குழலியின் வணக்கம்.

இங்கே சுகம். சின்னவனுக்கு நுங்குத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். அங்கே நுங்கு கிடைக்காதோ என்னவோ. கிடைக்காத ஊரில் என்னதான் செய்கிறீர்களோ!

தண்டவாளம் வந்துவிட்டது. வந்த கதையைக் கேளுங்கள். செங்கல்பட்டிலிருந்து இரண்டு வண்டிகள் வெள்ளிக்கிழமை புறப்பட்டன. ஒரு மாடு வழியில் மக்கர் செய்து, சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டு மணியம்மாள் ஓடிவந்து கையை விரித்து வழியை மறித்துக்கொண்டாள். "சனிக்கிழமைல இரும்ப வூட்டுக்குள்ள ஏத்துவியாடி? சனீஸ்வரனை வெத்தல பாக்கு வச்சி கூப்பிட்ட மாதிரி ஆவும்!" எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான். ஆனால் ஏற்கெனவே அடிபட்ட வீடு, எதற்கு வம்பு என்று வெளியிலேயே இருக்கட்டும் என்றேன். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்க்க வேண்டும் என்று அத்தனை இரும்பையும் தெருவின் நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் தெரு வழியாகப் பெருமாள் புறப்பாடு. எனக்கு அது அடியோடு மறந்துபோயிற்று. மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினால், சுவாமி தூக்குகிற ஸ்ரீபாதம்தாங்கிகளில் மூத்தவர் பராங்குசம் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "இன்னாம்மா இது? பெருமாள் வர்ற வழியில தண்டவாளம் போட்டு வச்சிக்கினு இருக்கீங்க, ரயில் எதுனா வருதா?" தெருவே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அவர் திரும்பி ஒரு சத்தம் கொடுத்தார் பாருங்கள், மாற்றுத் தோளுக்கு வந்திருந்த ஆட்கள் எட்டுப் பேர் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் நாலு பேராகக் குனிந்து, ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றி, சுவாமி தூக்குகிற அதே நடையில் சந்து வழியாகக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பெருமாள் தெருமுனையில் கொஞ்ச நேரம் காத்திருந்தார். எங்கள் வீட்டு இரும்புக்காகப் பெருமாளே நின்றார் என்று இனி நான் சொல்லிக்கொள்ளலாம்.

தூண்களுக்குக் குழி எடுத்தாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் பத்துத் தூணும் நட்டுவிடுவோம். ஒன்று கேட்க வேண்டும். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு வட்டத் தகடு போடும்படி படத்தில் இருக்கிறதே, அது எதற்கு? போடாவிட்டால் என்ன ஆகும்?

அவர் உங்களை மிகவும் விசாரித்தார்.

தங்கை,
குழலி

*

ஜாம்ஷெட்பூர்
14-7-1934

தங்கைக்கு ஆசீர்வாதம்.

நலம். நுங்கு இங்கே கிடைக்காது. வேர்க்குரு தானாகவே போய்விட்டது.

பெருமாள் காத்திருந்ததைப் படித்து உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வட்டத் தகட்டின் பெயர் வாஷர். நட்டு இரும்பைக் கடிக்காமலும் தளராமலும் இருக்கப் போடுவது. ஒர்க்ஷாப்பில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. பன்னிரண்டு வருஷ பிட்டர் பக்கத்து அறையில் இருக்கும்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற என்னை ஏன் கேட்கிறாய்?

மாப்பிள்ளை எனக்கு இரண்டு வரி எழுதட்டும். இதோடு இரண்டாவது முறை கேட்கிறேன்.

அன்புடன்,
காசிநாதன்

*

சின்ன காஞ்சிபுரம்
30-7-1934
(கார்டு)

அண்ணனுக்கு வணக்கம். சுகம். இடம் போதாது, அதனால் சுருக்கமாக. பத்துத் தூணும் நின்றுவிட்டது. தூக்குநூல் பிடித்துப் பார்த்தேன், ஒன்றே ஒன்றுதான் கொஞ்சம் சாய்கிறது. ஆடியில் எதையும் மேலே ஏற்றக் கூடாது என்பதால் தரையில் முக்கோணங்களைப் பூட்டுகிறோம். சின்னப்பையன் என்று ஒரு கொல்லர் ஓட்டை போடுகிறார். இரண்டு முடிந்தது. வாஷர் போட்டாயிற்று. அண்ணிக்கு அன்பு. குழலி.

*

ஜாம்ஷெட்பூர்
8-8-1934

மாப்பிள்ளை தர்மன் அவர்களுக்குக் காசிநாதன் வணக்கம்.

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். இதை உங்களுக்கென்றே தனியாக எழுதுகிறேன். கொட்டகை வேலையைப்பற்றி உங்கள் வாயால் கேட்க ஆசை. முக்கோணத்துக்கு நான் சொன்ன ஆங்கிள் கனம் போதுமா, உங்கள் அபிப்பிராயம் என்ன? கை எப்படி இருக்கிறது? இந்த வயதில் இப்படி ஒரு வேலையைக் கையில் எடுத்த உங்களை நினைத்து நாங்கள் எல்லோரும் பெருமைப்படுகிறோம். அவசியம் பதில் போடவும்.

அன்புள்ள,
காசிநாதன்

*

சின்ன காஞ்சிபுரம்
22-8-1934

அண்ணனுக்கு.

நான் சுகம். அவரைப்பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உங்களுக்கு யார் அவருக்குத் தனியாகக் கடிதம் போடச் சொன்னார்கள்? அதைப் படித்தார். மடித்து விளக்கு மாடத்தில் வைத்தார். அன்று முழுதும் சாப்பிடவில்லை. "உன் அண்ணனுக்கு இன்னா எழுதி வச்சிருக்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

கொட்டகையைக் கட்டுவது நான்தான். அவர் இதுவரை ஒரு நாள்கூடக் கொல்லைப்பக்கம் வரவில்லை.

மெஷினில் போனது வலது கையில் மூன்று விரல். புண் பொங்கலுக்குள் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. கையை எப்போதும் துண்டில் சுற்றியே வைத்திருக்கிறார். இடது கையால்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. அதை நான்கூடப் பார்க்கக் கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை, பந்தியில் உட்கார முடியாதே. பட்டணத்தில் நஷ்ட ஈடாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். "வெரலு வித்த காசுல ஒரு பிடி சோறு கூட தின்ன மாட்டேன்" என்றுவிட்டார். சரி, தின்ன வேண்டாம், அந்தப் பணத்தை உங்களுக்கு ஒரு ஒர்க்ஷாப்பாக நிறுத்திக் காட்டுகிறேன் என்று நான் ஆரம்பித்தேன்.

பின் அவர் கட்டுகிறார் என்று ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். கொல்லர் சின்னப்பையன் "ஏம்மா, ஐயா எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "உள்ள படம் பார்த்துக்கினு இருக்காரு" என்பேன். முடங்கிக் கிடக்கிறார் என்று என் வாயால் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன், கூடப்பிறந்த உங்களிடமும்தான்.

இரும்புச் சத்தத்தில் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த மனுஷன். கொல்லையில் அந்தச் சத்தம் நாள் முழுதும் கேட்டால் ஒருநாள் எழுந்து வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதமாகிறது. ஐந்து முக்கோணமும் தரையில் தயாராகிவிட்டது. இனிமேல் தூக்குவதுதான் பாக்கி. அதற்கும் அவர் வராவிட்டால் வெறும் கொட்டகைதான் நிற்கும்.

குழலி

*

ஜாம்ஷெட்பூர்
29-8-1934

என் அருமைத் தங்கை குழலிக்கு.

நாங்கள் நலம். நம் தென்னேரி ஏரிக்கரையில் பனம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் தண்டவாளத்தைச் செங்குத்தாக நட்டுத் தூக்குநூல் பிடித்திருக்கிறது! மாப்பிள்ளையை நினைத்து நிமிர்ந்த நெஞ்சு இப்போது இரண்டு மடங்கு நிமிர்ந்திருக்கிறது, அம்மா. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால் கடிதத்திலேயே உன் பக்கத்தில் நிற்கிறேன்.

தூக்குவதுதான் ஆபத்தான வேலை. சவுக்குக் கழியில் நல்ல சாரம் கட்டு. பெருமாளைத் தூக்குகிறவர்களையே கேட்டுப் பார். ஒரே மாதிரி அடி எடுத்து வைத்துப் பழகிய தோள் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. இன்னொன்று முக்கியம். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் ஒன்றில்லை. குறுக்குச் சட்டம் உட்காரும் சிறு துண்டுகள் உள்ள பக்கத்தில் சுண்ணாம்பால் ‘முகம்’ என்று எழுது. ஐந்து முகமும் கிணற்றைப் பார்த்து இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையை எதுவும் கேட்காதே. நானும் கேட்க மாட்டேன்.

அண்ணன்,
காசிநாதன்

*

சின்ன காஞ்சிபுரம்
13-9-1934

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

சுகம், சுகம், சுகம். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன்.

பராங்குசத்தைப் போய்க் கேட்டேன். "பெருமாளையே தாங்கின தோளு, இதுக்கு இன்னாம்மா!" என்று எட்டுப் பேரோடு வந்துவிட்டார். கூலி பேசவே விடவில்லை. ஆவணி முகூர்த்த நாள். முதல் முக்கோணத்தைத் தோளில் ஏற்றி, பராங்குசம் குரல் கொடுக்க, எட்டுப் பேரும் ஒரே ஆடலாக ஆடி ஆடிக் கொண்டுவந்தார்கள். ஒரு குடையும் மேளமும்தான் இல்லை. மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்!

அங்கேதான் தப்பு நடந்தது. சுவாமி புறப்பாடு முடிந்து மண்டபத்துக்குள் வரும்போது பெருமாள் முகம் ஜனங்களைப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பித்தான் நிறுத்துவார்கள். சின்ன வயதிலிருந்து செய்து செய்து அவர்கள் காலில் ஊறிய பழக்கம் அது. தூணுக்கு அருகில் வந்ததும், ‘முகம்’ என்று வேறு எழுதியிருக்கிறதா, பராங்குசம் தன்னை அறியாமல் அந்தக் குரலைக் கொடுத்துவிட்டார். எட்டுப் பேரும் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தைக் கூடியிருந்த ஜனங்கள் பக்கம் திருப்பி, சாரத்தில் ஏற்றிவிட்டார்கள். நான் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் இருந்தேன். எழுத்து என் பக்கம் இல்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

மேலே தூணின் ஓட்டையும் முக்கோணத்தின் ஓட்டையும் சேரவில்லை. சின்னப்பையன் சாரத்தில் உட்கார்ந்து தள்ளிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார். கடைசியில் சம்மட்டியை வாங்கி ஓங்கினார்.

"டேய்! சம்மட்டிய கீழ போடு!"

திரும்பிப் பார்த்தால் அவர். கொல்லைக் கதவில் நிற்கிறார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு இல்லை, கையில் துண்டு இல்லை. மூன்று விரல் இல்லாத கையை எல்லோருக்கும் தெரியும்படி மேலே நீட்டிக்கொண்டு வருகிறார். "ஓட்ட சேரலன்னா இரும்பு மேல தப்பு இல்லடா, உங்க மேல தப்பு! முகம் மாறிப்போச்சு. யாரும் அசையாதீங்க. பராங்குசம், நான் சொல்ற வரைக்கும் தோள மாத்தாத!"

அண்ணா, அவர் பார்க்காமலே இருந்தார் என்று நினைத்தேனே, ஒவ்வொரு நாளும் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறார். எந்த முக்கோணம் எந்தத் தூணுக்கு, எந்த ஓட்டை யார் போட்டது, எல்லாம் தெரிந்திருக்கிறது. முக்கோணத்தை இறக்கி, திருப்பி, மறுபடி ஏற்ற வைத்தார். ஏணியில் அவரே ஏறினார். ஓட்டைகள் சேர்ந்து நின்றன. இடது கையில் ஸ்பானரைப் பிடித்து முதல் போல்ட்டை முறுக்கினார். பாதியில் ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது. "எடுத்து குடு குழலி" என்றார். எடுத்துக் கொடுத்தேன். முறுக்கி முடித்தார்.

சாயங்காலத்துக்குள் ஐந்தும் நின்றுவிட்டன. அன்று எட்டுப் பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார். பராங்குசம் இலைக்குப் பக்கத்து இலையில், இடது கையால், எல்லோரையும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். குழம்பு ஊற்றக் குனிந்த எனக்கு அடுப்படிக்குத் திரும்பிப் போக முடியவில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

தங்கை,
குழலி

*

ஜாம்ஷெட்பூர்
21-9-1934

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதமும் வணக்கமும்.

எல்லோரும் நலம். உன் கடிதத்தை நானும் உன் அண்ணியும் மூன்று முறை படித்தோம். ‘முகம்’ மாறியது உனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டாய் என்று உன் அண்ணி அடித்துச் சொல்கிறாள். நான் இல்லை என்கிறேன். வீட்டில் இதனால் சண்டை. உண்மையை எழுதித் தீர்த்து வை.

காசிநாதன்

*

சின்ன காஞ்சிபுரம்
3-10-1934
(கார்டு)

அண்ணனுக்கு வணக்கம். சுகம். தெரிந்தே விட்டிருந்தால் எனக்கு இன்னும் பெருமையாகத்தான் இருந்திருக்கும். சத்தியமாகத் தெரியாது. அண்ணியிடம் சொல்லுங்கள், நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. கூரைத் தகடு ஏறுகிறது. மழைக்கு முன் மூடிவிடுவோம். அவர் காலையில் போனால் இருட்டித்தான் உள்ளே வருகிறார். இப்போது நான் தனியாகச் சாப்பிடுகிறேன், அதுவும் ஒரு சந்தோஷம்தான். குழலி.

*

சின்ன காஞ்சிபுரம்
3-2-1935

மச்சான் அவர்களுக்குத் தர்மன் வணக்கம்.

நலம். தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். ஆகஸ்டு மாதம் நீங்கள் எழுதியதற்கு இது பதில். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். ஆங்கிள் கனம் போதும். கை நன்றாக இருக்கிறது.

போன வாரம் தை முகூர்த்தத்தில் ஒர்க்ஷாப்பைத் திறந்தோம். தென்னேரியிலிருந்து உங்கள் சித்தப்பா வேணுகோபால் முதல் எல்லோரும் வந்திருந்தார்கள். செங்கல்பட்டு பஸ் ஒன்று முதல் ஆளாக உள்ளே நின்றது. கட்டட வேலை முடிந்தால் மேஸ்திரிக்கு வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்து மரியாதை செய்வது வழக்கமல்லவா? சித்தப்பா தாம்பாளத்தோடு எழுந்து, "மேஸ்திரி யாருப்பா, கூப்பிடு" என்றார். "தர்மன்தான் ஒர்க்ஷாப்காரன், அவனேதான் மேஸ்திரி, அவனுக்கே குடுங்க" என்றார்கள் எல்லோரும். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து, "ஆமா, அவருதான் எல்லாம் செஞ்சாரு" என்று குரல் கொடுத்தாள். ஊரெல்லாம் எட்டு மாதமாக அவள் சொல்லி வந்த அதே வார்த்தை.

நான் தாம்பாளத்தை வாங்கினேன். வேட்டியை எடுத்துச் சித்தப்பாவிடமே கொடுத்தேன். பிள்ளையார்பாளையத்தில் நெய்து வாங்கி ஒளித்து வைத்திருந்த அரக்குப் பட்டுப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்தேன். வாசற்படியில் நின்று, "மேஸ்திரி, கொஞ்சம் வெளிய வாங்க" என்று கூப்பிட்டேன்.

கரண்டியோடு வந்தாள். "யாரைக் கூப்பிடுறீங்க?" என்றாள்.

"குழி எடுத்தது யாரு? தூணு நட்டது யாரு? அஞ்சு முக்கோணமும் பூட்டினது யாரு? அவங்களதான் கூப்பிடுறேன்" என்றேன். பராங்குசம் ஆரம்பித்தார், "எங்க எட்டு தோளுக்கும் அந்தம்மா தான்யா மேஸ்திரி!" என்று. எட்டுப் பேரும் கை தட்டினார்கள். இரண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டினேன்.

ஊரையே வாயால் சுருட்டுகிற உங்கள் தங்கை அதை வாங்கிக்கொண்டு புடவையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூணாவது தூணு இன்னும் அரை அங்குலம் சாஞ்சிக்கினு இருக்குது. அத சரி பண்ணிட்டு குடுத்திருக்கலாம்" என்றாள்.

அந்தத் தூணை இன்று சரி செய்துவிட்டோம். நான் சங்கிலி கட்டி இழுத்து முறுக்கினேன், அவள் தூக்குநூல் பிடித்தாள். நீங்கள் கோடை லீவில் அவசியம் வந்து பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மேஸ்திரி வீட்டுக்காரன்,
தர்மன்